தலைகீழாய்த் தூங்கும் சின்னக்கிளி



இந்தத் தடவை ஒரு விடுகதையோடு ஆரம்பிக்கிறேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தூங்குகிற பறவை எது?

"இது தெரியாதா? வௌவால்!" என்று உங்கள் வீட்டுக் குழந்தை சட்டென்று சொல்லிவிடும். ஆனால் மார்க் கிடையாது. வௌவால் பறவையே அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பிராணி அது. நான் கேட்பது உடம்பெல்லாம் இறகு மூடிய, முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற அசல் பறவை.

விடை, கிளி! ஜோசியக்காரர் கூண்டுக்குள் இருந்து சீட்டு எடுத்துக் கொடுக்குமே, அந்தக் கிளி இல்லை. சின்னக்கிளி என்று தனியாக ஓர் இனம் இருக்கிறது. அதைப் பார்க்க அமேசான் காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். எங்கள் பழனிசெட்டிபட்டியில் மொட்டை மாடி ஏறி நின்றால் சுற்றிலும் நீலமாகத் தெரிகிறதே மலை, அங்கேதான் குடித்தனம் நடத்துகிறது.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு வாசகியின் கடிதம். "என் ஐந்து வயதுப் பெண் கிளி வேண்டும் என்று தினமும் அடம் பிடிக்கிறாள். பெரிய கிளி கடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி சின்னக் கிளி ஒன்று உண்டாமே? எங்கே கிடைக்கும், எப்படி வளர்ப்பது என்று எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை வாங்கவும் கூடாது, வளர்க்கவும் கூடாது. ஆனால் "கூடாது" என்ற ஒரு வார்த்தைக்கு எந்தக் குழந்தை அடங்கியிருக்கிறது? "ஏன்?" என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கிளி எப்படி வாழ்கிறது என்று கதை மாதிரி சொல்லிப் பாருங்கள். ஏன் கூடாது என்பது குழந்தைக்குத் தானே புரிந்துவிடும். அந்தக் கதைதான் இது.

பச்சை இலை, சிவப்பு முதுகு

சின்னக்கிளியின் நீளம் சுமார் 14 சென்டிமீட்டர். நாம் பால் கணக்கு எழுதுகிற பேனா அளவுதான். எடை ஏறக்குறைய 30 கிராம், அதாவது ஒரு கோழிமுட்டையில் பாதி கனம். நமக்குப் பழக்கமான பச்சைக்கிளி 40 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். அதில் பாதிக்கு மேல் வால்தான். சின்னக்கிளிக்கோ வால் குட்டை. உருண்டையாய், கொழுக்கட்டைக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும்.

உடம்பு முழுக்க இளம்பச்சை. அலகு சிவப்பு. முதுகின் அடிப்பக்கம், வாலுக்கு மேலே, குங்குமத்தைக் கொட்டின மாதிரி செக்கச் சிவப்பு. ஆணுக்குத் தொண்டையில் சின்னதாக நீலத் திட்டு ஒன்று இருக்கும். பெண்ணுக்கு அது இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தனை வண்ணம் இருந்தும் கண்ணில் படுவது கஷ்டம். உட்கார்ந்திருக்கும்போது சிவப்பை இறக்கை மூடிவிடும். மிச்சம் தெரிவது இலைப் பச்சை மட்டும்தான். எங்கள் தெருவில் இருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, கேரள எல்லை தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருகிற ஒரு பெண் இருக்கிறாள். அவளிடம் விசாரித்தேன்.

"அதுவாக்கா? இலை ஆடுற மாதிரியேதான் இருக்கும். கிட்டக்கப் போனம்னா விர்ருனு பறந்துரும். அப்ப முதுகுல செவப்பாத் தெரியும் பாருங்க, பறந்ததுக்கப்புறந்தான் அது கிளின்னே தெரியும். சீ... சீ... சீனு கத்திக்கிட்டே போகும். அம்புட்டுக்காணு உடம்புல இருந்து அம்புட்டுச் சத்தம்!"

பறவை நூல்கள் நாலு பக்கத்தில் சொல்வதை அவள் நாலே வரியில் சொல்லிவிட்டாள்!

மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் இதற்குத் 'தத்தச்சின்னன்' என்று பெயர். தத்தை என்றால் கிளி என்பது நமக்கும் தெரிந்ததுதானே? ஆங்கிலத்தில் 'ஹேங்கிங் பேரட்', அதாவது தொங்கும் கிளி. விஞ்ஞானப் பெயர் 'லோரிகுலஸ் வெர்னாலிஸ்'. ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆராய்ச்சியாளர் ஸ்பார்மன் 1787-இல் இதை விவரித்துப் பெயர் கொடுத்தார். 'வெர்னாலிஸ்' என்றால் வசந்த காலத்துக்கு உரியது என்று அர்த்தம். வசந்தத்துத் தளிரின் நிறம்தானே இதன் நிறமும்!

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரப்பசை உள்ள காடுகளிலும், அடிவாரத்துத் தோப்பு துரவுகளிலும் இது இருக்கிறது. வடகிழக்கு மாநிலங்களிலும், பர்மா, தாய்லாந்து வரையிலும் உண்டு. நமக்குப் பக்கம் என்றால் மேகமலையும் தேக்கடியும். மேகமலைக் காடுகளும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடுகளும் சேர்ந்து 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகம் ஆகிவிட்டன. தமிழ்நாட்டில் அது ஐந்தாவது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. புலிக்காக வந்த பாதுகாப்பில் இந்தச் சின்னஞ்சிறு ஜீவனும் பங்கு பெறுகிறது.

இலங்கையில் இதன் தங்கை இருக்கிறாள். அவளுக்கு உச்சந்தலையிலும் சிவப்பு. அந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அவளைப் பார்க்க முடியாது.

ஒன்று கவனியுங்கள். கூட்டங்கூட்டமாக வந்து சோளக்கதிரையும் கொடியில் பழுக்கிற திராட்சையையும் பதம் பார்க்கிற கிளிகள் நீள வால் கிளிகள். அந்தப் பழியை இந்தச் சின்னவன் தலையில் போடக்கூடாது!

வௌவாலுக்குப் போட்டி

சாயந்தரம் இருட்டத் தொடங்கியதும் சின்னக்கிளி இலை அடர்ந்த சிறு கிளையாகப் பார்த்துக் காலால் பற்றிக்கொள்ளும். அப்படியே தலைகீழாகத் தொங்கித் தூங்கிவிடும்.

கிளிகளின் காலில் இரண்டு விரல் முன்னால், இரண்டு விரல் பின்னால். காக்கைக்கும் சிட்டுக்கும் மூன்று முன்னால், ஒன்று பின்னால். அதனால் கிளியின் பிடி இடுக்கி மாதிரி கெட்டியானது. போதாததற்கு அலகையும் மூன்றாவது காலாக வைத்துக்கொண்டு ஏறும். பகலில் பூவில் தேன் குடிப்பது, பழம் கொத்துவது எல்லாம்கூடப் பாதி நேரம் தலைகீழ்தான்.

எதற்காக இப்படித் தூங்க வேண்டும்? இரவில் ஆந்தையும் மரம் ஏறும் பாம்பும் இரை தேடி வரும். கிளைமேல் உட்கார்ந்திருக்கிற உருண்டை உருவம் எளிதாகத் தெரியும். இலைகளுக்கு நடுவில் இன்னோர் இலையாகத் தொங்கினால் கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்காகத்தான் என்று கருதுகிறார்கள்.

"தலை சுத்தாதாம்மா?" என்று உங்கள் பிள்ளை கேட்கும். நாம் தலைகீழாக நின்றால் ரத்தம் முகத்துக்கு இறங்குகிறது. நம் உடம்பு பெரிது, ரத்தமும் அதிகம். சின்னக்கிளியின் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமும் ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. அவ்வளவு சின்ன உடம்பில் மேலாவது, கீழாவது!

தேனும் பழமும்

நெல், வேர்க்கடலை, மிளகாய்ப்பழம் என்று நாம் கிளிக்கு வைக்கிற பட்சணம் எதுவும் இதற்கு ஆகாது. இதன் சாப்பாடு பூவில் ஊறும் தேன், பூவின் இதழ், கனிந்த பழத்தின் சதை, சின்னச் சின்ன விதைகள். அத்தி, ஆல் போன்ற மரங்களின் பழம் என்றால் உயிர்.

கல்யாண முருங்கை உங்களுக்குத் தெரியும். குழந்தைக்குச் சளி பிடித்தால் அந்த இலையை அரைத்து அடை சுடுகிறோமே, அதேதான். மலைத்தோட்டங்களில் மிளகுக் கொடி ஏற்றவும், காப்பிச் செடிக்கு நிழலுக்கும் அந்த மரத்தை வைத்திருப்பார்கள். இலை எல்லாம் உதிர்ந்து சிவப்புப் பூவாகக் கொட்டும் காலத்தில் சின்னக்கிளிக்கு அங்கே விருந்து. ஒரு பூவில் தேன் குடிக்கும்போது முகத்தில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அதோடு அடுத்த பூவுக்குப் போகும். சாப்பிட்ட இடத்துக்குக் கூலி கொடுத்துவிட்டுப் போகிற விருந்தாளி!

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். தென்னையிலும் பனையிலும் கள் இறக்கக் கட்டின கலயத்தில் இது குடித்துவிட்டு, போதை ஏறி மயங்கிக் கிடப்பதைப் பார்த்ததாகப் பழைய பறவை நூல்களில் எழுதியிருக்கிறார்கள். இனிப்புத் திரவம் எங்கே இருந்தாலும் தேடிப் போகிற குணம் அது. பாவம், பூந்தேனுக்கும் கள்ளுக்கும் வித்தியாசம் அதற்கு என்ன தெரியும்?

இதிலிருந்து ஒரு விஷயம் புரிகிறதல்லவா? எந்த மரம் எப்போது பூக்கிறதோ, எந்தக் காட்டில் எப்போது பழுக்கிறதோ, அங்கே போய்ச் சாப்பிடுகிற பறவை இது. அதன் சமையலறை ஒரு மலை நீளம். அதைக் கொண்டுவந்து இரண்டடிக் கூண்டில் வைத்துவிட்டு எதைப் போட்டுச் சமாளிப்பது? சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு மத்தியானமே புளித்துவிடும். எறும்பு மொய்த்துவிடும்.

இறகுக்குள் செருகிக்கொண்டு வரும் தாய்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கேளுங்கள்.

கிளி இனத்தில் பெரும்பாலானவை கூடு கட்டுவதே இல்லை. மரப்பொந்து கிடைத்தால் போதும், அதிலே கிடக்கிற மரத்தூளின் மேல் முட்டை இட்டுவிடும். சின்னக்கிளி அப்படி இல்லை. பட்டுப்போன மரத்திலோ கிளையிலோ வாய் குறுகலான பொந்தாகப் பார்த்துப் பெண் கிளி இலை மெத்தை போடும். ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை அதன் பிரசவ காலம்.

மெத்தைக்கு இலையை எப்படிக் கொண்டுவருகிறது தெரியுமா? பச்சை இலையை அலகால் ஓரமாகக் கத்தரித்து நீள நீளத் துண்டாக நறுக்கும். பிறகு கழுத்தைத் திருப்பி, முதுகின் அடிப்பக்கத்துச் சிவப்பு இறகுகளுக்கு நடுவில் அந்தத் துண்டைச் செருகிக்கொள்ளும். இன்னொன்று நறுக்கும், இன்னொன்று செருகும். அப்படியே பறந்து பொந்துக்குப் போகும். அலகு காலியாக இருப்பதால் மரம் பற்றி ஏறவும், பொந்துக்குள் நுழையவும் சிரமம் இல்லை.

நாம் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டு, இரண்டு கையாலும் வேலை பார்க்கிறோமே, அதே யுக்தி! எங்கள் அம்மாச்சி வயலில் இருந்து வரும்போது பறித்த கீரையை மடியில் கட்டிக்கொண்டு, தலையில் புல்லுக்கட்டும் கையில் அரிவாளுமாக வருவார். இந்தப் பறவையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவர் நினைப்புத்தான் வந்தது.

பெரும்பாலும் மூன்று முட்டை, வெள்ளை நிறம். குஞ்சு பொரிக்கும்போது கண் திறந்திருக்காது, உடம்பில் இறகும் இருக்காது. தாயும் தகப்பனும் தாங்கள் தின்றதைக் கக்கி ஊட்டித்தான் ஆளாக்க வேண்டும். பொந்தில் இருந்து எந்தக் கிளிக்குஞ்சை எடுத்தாலும், பாலூட்டும் தாயிடம் இருந்து பச்சைக் குழந்தையைப் பிடுங்கின மாதிரிதான். அப்படிப் பிடுங்கப்பட்டவற்றில் எத்தனையோ வழியிலேயே செத்துவிடும். கடைக்கு வந்து சேருகிற ஒன்றை மட்டும் நாம் பார்க்கிறோம். வந்து சேராதவற்றை யார் பார்க்கிறார்கள்?

ஆப்பிரிக்காவில் ஓர் ஒன்றுவிட்ட உறவு

இந்தச் செருகுகிற பழக்கம் உலகத்தில் இன்னொரு கூட்டத்துக்கும் உண்டு. ஆப்பிரிக்காவின் லவ் பேர்ட்ஸ். மரபணுவைப் பார்த்தாலும் சின்னக்கிளிக்கு நெருங்கின சொந்தம் பச்சைக்கிளி அல்ல, அந்த ஆப்பிரிக்கக் குட்டிக் கிளிகள்தான்!

அமெரிக்காவில் கார்னல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டில்கர் என்பவர் லவ் பேர்ட்ஸ்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து 1962-இல் எழுதினார். ஒரு வகை, இலைத் துண்டை இறகில் செருகி எடுத்துப் போகும். இன்னொரு வகை, அலகில் கவ்விக்கொண்டு போகும். இரண்டையும் ஜோடி சேர்த்துப் பிறந்த குஞ்சுகள் என்ன செய்தன? செருகப் பார்க்கும், சரியாகச் செருகத் தெரியாது, கீழே விழும். மறுபடி செருகப் பார்க்கும். அலகில் கவ்விக்கொண்டு போவதுதான் காரியத்துக்கு ஆகும் என்று பழகிக்கொள்ள அவற்றுக்குச் சில வருஷம் பிடித்தது. பழகின பிறகும், புறப்படுவதற்கு முன்னால் பழக்கதோஷமாகக் கழுத்தை ஒரு தடவை முதுகுப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் போகும்!

பிறவிக் குணம் என்பது அவ்வளவு ஆழமானது. இலையும் பொந்தும் இல்லாத இடத்தில் அடைத்தாலும், நறுக்க வேண்டும், செருக வேண்டும், தொங்க வேண்டும் என்கிற தவிப்பு உள்ளே இருந்துகொண்டேதான் இருக்கும்.

இன்னொரு சமாசாரம். நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கிறார்களே, மஞ்சளும் நீலமும் பச்சையுமாக, முதுகில் அலை அலையாகக் கோடு போட்டு, அவை பெரும்பாலும் உண்மையான லவ் பேர்ட்ஸ் அல்ல. ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர். ஜான் கூல்ட் என்ற பறவை ஆராய்ச்சியாளர் 1840-இல் அங்கிருந்து உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அன்று முதல் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்துவிட்ட இனம் அது. நம் காட்டில் இருந்து பிடித்தது அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டுக் கிளிகளின் விஷயம் வேறு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவை பாதுகாக்கப்பட்டவை. 1990–91 முதல் நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பது முழுக்கத் தடை செய்யப்பட்டுவிட்டது. விற்பது மட்டும் அல்ல, வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்தான். 3 வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

"எத்தனையோ வீட்டில் வைத்திருக்கிறார்களே, யார் கேட்கிறார்கள்?" என்று நினைக்காதீர்கள். 2024 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு கிளி ஜோசியரின் கிளிகளை வனத்துறையினர் கைப்பற்றின செய்தியைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அதற்கு முந்தின வருஷம் கோவையில், வீட்டில் கிளி வைத்திருப்பவர்கள் கெடு தேதிக்குள் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி வனத்துறை அறிவித்தது.

கிளி நமக்குத் தெய்வத்தின் கையில் இருக்கும் பறவை. மதுரையில் மீனாட்சி அம்மன் கையில் கிளி. அந்தக் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அங்கே கூண்டில் கிளிகளை வைத்து 'மீனாட்சி' என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். இப்போது அங்கே கிளிகள் இல்லை, மண்டபத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. அதனால் அம்மன் கையில் இருக்கும் கிளிக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

உடம்புக்கும் ஆகாது

வீட்டில் பட்ஜரிகர் போன்ற அனுமதிக்கப்பட்ட பறவை ஏற்கெனவே இருந்தால், தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நோய் உண்டு. கிளிக் காய்ச்சல். டாக்டர்கள் 'சிட்டகோசிஸ்' என்பார்கள். ஒரு பாக்டீரியா கிருமியால் வருவது. பறவையின் எச்சம் காய்ந்து தூசியாகும்போது, அதை மூச்சில் இழுப்பதால் தொற்றும். காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, வறட்டு இருமல், முற்றினால் நிமோனியா. 1929–30-இல் தென் அமெரிக்காவில் இருந்து ஏற்றுமதியான கிளிகளால் இது பல நாடுகளில் பரவிப் பெரிய பீதியைக் கிளப்பியது. 2024 மார்ச்சில்கூட, ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் இந்த நோய் அதிகரித்து 5 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது.

பயப்பட வேண்டாம். தகுந்த ஆண்டிபயாடிக் மருந்தில் குணமாகிற நோய்தான். ஆனால் ஜாக்கிரதை வேண்டும்.

கூண்டை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, பிறகு துடையுங்கள். மூக்கையும் வாயையும் கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இந்த வேலைக்கு வர வேண்டாம். சமையலறையிலும் படுக்கை அறையிலும் கூண்டு வேண்டாம். பறவையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முத்தம் கொடுப்பது, வாயில் இருந்து ஊட்டுவது எல்லாம் கூடவே கூடாது. வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் இருமலும் வந்தால், "வீட்டில் பறவை இருக்கிறது" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்த ஒரு வார்த்தை வைத்தியத்தைச் சரியான வழியில் திருப்பிவிடும்.

நம்மால் ஆனது

கூண்டு வேண்டாம் என்றால் குழந்தைக்கு என்னதான் கொடுப்பது? நிறையக் கொடுக்கலாம்.

முதலாவது, மரம். கொல்லையில் இடம் இருந்தால் ஒரு கல்யாண முருங்கைக் கிளையை நட்டு வையுங்கள், போத்து வைத்தாலே துளிர்த்துவிடும். கொய்யா, அத்தி எது வைத்தாலும் நல்லது. சமவெளியில் இருக்கிற நம் வீட்டுக்குச் சின்னக்கிளி வராமல் போகலாம். பச்சைக்கிளியும் தேன்சிட்டும் மைனாவும் வருமே! மரத்தில் பழுத்ததை எல்லாம் பறித்துவிடாமல் நாலு பழத்தை உச்சிக் கிளையில் விட்டு வையுங்கள்.

இரண்டாவது, பட்ட மரம். தோப்பு வைத்திருப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். தலை போன தென்னையை, காய்ந்த மரத்தை, "சும்மாதானே நிக்குது" என்று உடனே வெட்டி அடுப்பில் வைத்துவிடுகிறோம். ஆட்கள்மேல் விழுந்துவிடும் அபாயம் இல்லாத மூலையில் நின்றால், இருந்துவிட்டுப் போகட்டுமே. நமக்கு அது விறகு. கிளிக்கும் மைனாவுக்கும் ஆந்தைக்கும் பிரசவ அறை. பூவும் பழமும் எத்தனை இருந்தாலும், பொந்து இல்லை என்றால் அடுத்த தலைமுறை இல்லை. மலை அடிவாரத்துத் தோப்புக்காரர்கள் ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரையாவது இப்படிப்பட்ட மரத்தில் கை வைக்காமல் இருந்தால் புண்ணியம்.

மூன்றாவது, கீழே விழுந்த குஞ்சு. காற்றிலோ மழையிலோ குஞ்சு விழுந்து கிடந்தால், பொந்து எட்டும் உயரத்தில் இருந்தால் மெதுவாகத் திரும்ப வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று சொல்வது சரியல்ல. எட்டவில்லை என்றால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, பூனை நெருங்காத இடத்தில் வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். பசிக்குமே என்று பால் ஊற்றாதீர்கள். பறவைக்குப் பால் ஜீரணம் ஆகாது. வாயில் தண்ணீர் விட்டாலும் மூச்சுக்குழாயில் இறங்கிப் புரை ஏறிவிடும்.

நான்காவது, பார்வை. லீவுக்கு மேகமலையோ தேக்கடியோ போகிறவர்கள், வண்டியை விட்டு இறங்கினதும் பாட்டைப் போட்டுவிடாமல், பூத்த மரம் ஒன்றின் அடியில் பத்து நிமிஷம் சத்தம் இல்லாமல் நில்லுங்கள். காலை ஏழில் இருந்து ஒன்பது மணி நல்ல நேரம். 'சீ-சீ-சீ' என்று மும்மூன்றாகக் குரல் கேட்டால் அண்ணாந்து பாருங்கள். எந்த இலை காற்று இல்லாமல் அசைகிறதோ, அதுதான் சின்னக்கிளி. முதலில் கண்டுபிடித்தவருக்கு ஒரு மிட்டாய் என்று சொல்லிவிட்டால் போதும், குழந்தைகள் மூச்சுக்கூட விடமாட்டார்கள்!

அதுவரை பொறுக்காத குழந்தைக்கு? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைச் சேவித்திருப்பீர்கள். அது இலையில் செய்த கிளி. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம் பூவில் அலகு என்று தினமும் புதிதாகச் செய்கிறார்கள். சாயந்தரம் ஆண்டாள் கைக்குப் போகும். மறுநாள் பக்தர் ஒருவருக்குப் பிரசாதமாகப் போய்விடும். அடுத்த நாளைக்கு வேறு கிளி. நம் வீட்டிலும் தென்னங்குருத்தில் கிளி முடையத் தெரிந்த பெரியவர்கள் இருப்பார்களே? திருவிழாத் தோரணத்தில் கட்டுவார்களே, அந்தக் கிளிதான். அப்பத்தாவையோ தாத்தாவையோ உட்காரவைத்துப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கச் சொல்லுங்கள். வாலுக்கு மேலே கொஞ்சம் குங்குமம் தடவி, நூல் கட்டி, ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். சின்னக்கிளி தயார்! காசும் இல்லை, பாவமும் இல்லை. காய்ந்து போனால் நாளைக்கு வேறு செய்துகொள்ளலாம்.

உங்கள் ஊர்ப் பக்கம் சின்னக்கிளியைப் பார்த்தவர்கள் இருந்தால், எந்த மாதம், எந்த மரத்தில் பார்த்தீர்கள் என்று ஒரு தபால் கார்டு போடுங்கள். உங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள். எல்லாச் சகோதரிகளுக்கும் பயன்படும்.